பதினேழாவது குழந்தை

அறுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசி பதினாறாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் தெருவிலிருந்து பதினாறு கைக்குழந்தைகள் மல்லாந்து தூங்கியபடி வெள்ளத்தில் புறப்பட்டு, பிற்பகல் மூன்று மணிவாக்கில் திருமுக்கூடல் மணல்மேட்டில் ஒதுங்கின. வழியில் ஒன்றும் அழவில்லை. இரண்டுக்குச் சளி பிடித்தது. நாலு நாளில் சரியாகிவிட்டது. பதினேழாவதாகப் போயிருக்க வேண்டியது தேவகியின் பெண் காந்தா. அது அந்தக் கூட்டத்தில் இல்லை.

குழந்தைகளைத் தண்ணீருக்குப் பழக்கியவள் கங்கையம்மாள். ஊருக்குத் தெற்கே சேரிக்காரி, கிணறு தூர் வாருகிறவள். குடம் விழுந்தாலும் ஆள் விழுந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பாதாளக் கரண்டியில் மாட்டாததை முழுகி எடுத்துக்கொண்டு வருவாள். முப்பத்தைந்து வயதுக்குள் குழந்தை மட்டும் இருபத்திரண்டு எடுத்திருந்தாள், எல்லாம் செத்தது. இருபத்திரண்டாவதைக் கரையில் கிடத்திவிட்டு, முடியைப் பிழிந்துகொண்டே, "இனிமே செத்தத எடுக்க என்னைக் கூப்டாதீங்க. உசுரோட இருக்கச்சொல்லவே குடுங்க, தண்ணியோட சிநேகம் பண்ணி வெக்கறேன்" என்றாள். பிணத்தை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா என்று ஊர் திட்டியது. ஆனால் அடுத்த மாதமே ஒருத்தி தன் ஏழு மாதப் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு அவள் குடிசை வாசலில் வந்து நின்றாள்.

கோயில் குளத்துப் படியில் கங்கையம்மாளைக் கால் வைக்க விடமாட்டார்கள். வீட்டுக் கிணற்றில் ஆள் விழுந்தால் இறங்கலாம், மற்றபடி கூடாது. அதனால் அர்ஜுனன் என்ற விவசாயியின் பம்புசெட்டுத் தொட்டியில் பாடம் நடந்தது. பத்து நாள் பாடம். முதல் நாள் குழந்தையின் முகத்தில் ஓங்கி ஊதுவாள். அது மூச்சைப் பிடிக்கும். பிடித்த நொடியில் முழுக்கி எடுப்பாள். மூன்றாம் நாள் குப்புறப் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுவாள். குழந்தை அடியில் போகும். தாய்மார்கள் தொட்டி விளிம்பில் நின்று மாரில் அடித்துக்கொள்வார்கள். ஒருத்தி மயங்கி வரப்பில் விழுந்தாள். கங்கையம்மாள் யாரையும் பார்க்காமல் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருப்பாள். ஐந்தாம் நாள் குழந்தை தானே புரண்டு மூக்கை மேலே நீட்டி மூச்சு வாங்கும். ஏழாம் நாள் மல்லாந்தபடியே தூங்கிவிடும். பத்தாம் நாள் சட்டை, பாவாடை, கொலுசு, அரைஞாண் எல்லாம் போட்டு, தொட்டிச் சுவரிலிருந்து தலைகீழாகத் தள்ளுவாள். புதுத் துணி பாழாகிறதே என்று ஒருத்தி முனகினாள். "கெணத்துல விழற கொழந்த அவுத்துப் போட்டுட்டாமா விழும்?" என்றாள் கங்கையம்மாள். யாரோ எழுதிப்போட்ட புகாருக்காக, அதே நெசவாளர் தெருவில் குடியிருந்த போலீஸ்காரர் யேசுதாஸ் விசாரிக்க வந்தார், பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார், மறுநாள் தன் எட்டு மாதப் பிள்ளையோடு வரிசையில் நின்றார்.

பாடம் முடித்த குழந்தைகள் மற்ற குழந்தைகளைப்போலத்தான் பால் குடித்தன, பல் முளைக்கும்போது பேதியாயின. தண்ணீர் விஷயத்தில் மட்டும் வித்தியாசம் இருந்தது. காலில் கிடத்திக் குளிப்பாட்டினால் நழுவிப்போய்ச் சாக்கடை வாயில் ஓடுகிற நீரில் மிதந்தன. தரையைக் கழுவிவிட்ட ஈரத்தில் படுக்கவைத்தால்கூட ஒரு விரற்கடை உயரத்தில் நின்றன. தாய்மார்கள் கீழே ஒரு கந்தலை நுழைத்துத் தரையைத் துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்.

தேவகிக்குத் தண்ணீர் என்றாலே பயம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் வீட்டின் இரண்டாவது தறி ஓடாமல் கிடந்தது. நெசவாளி காலை விட்டு உட்காரும் அந்தத் தறிக்குழியில் மழைக்கு முழங்கால் ஆழம் ஊற்றுநீர் நின்றது. பதினோரு மாதப் பிள்ளை தர்மன் தவழ்ந்துபோய் அதில் விழுந்தான். தேவகி நாலு முழ தூரத்தில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். சத்தமே வரவில்லை. முழுகுகிற குழந்தை கத்தும் என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள்.

அந்தத் தெருவில் தவழ்கிற குழந்தைகளை இடுப்பில் பழஞ்சேலைக் கயிறு கட்டித் தறிக்காலில் பிணைப்பது வழக்கம். புருஷன் குழியில் உட்கார்ந்து மிதிக்க, பெண்டாட்டி இழை பார்க்க, குழந்தையை யார் பார்ப்பது? தர்மனைக் கட்டிய முடிச்சு அன்றைக்கு நழுவியிருந்தது. அதனால் காந்தா பிறந்து தவழத் தொடங்கியதும் தேவகி வேறு முடிச்சுப் போட்டாள். அறுந்த பட்டிழையைச் சேர்க்கிற நெசவாளர் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். நனைந்துவிட்டால் பல்லால் கடித்தாலும் அவிழாது.

காந்தாவைப் பாடத்துக்குக் கொண்டுபோனதைப் புருஷன் பரசுராமனுக்கு அவள் சொல்லவில்லை. சாயப்பட்டறைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பத்து நாளும் போய்வந்தாள். பதினோராம் நாள் கழுவிவிட்ட தரையில் குழந்தை ஒரு விரற்கடை மேலே நிற்பதைப் பார்த்துவிட்டு, "அவ கை பட்ட கொழந்தையா இது?" என்று தேவகியின் கன்னத்தில் அறைந்தான். ஒரு வாரம் கழித்து அதே ஆள் டீக்கடையில், "எம் பொண்ணு மாதிரி தெருவுல எதுவும் மெதக்காதுபா, தக்கை தோத்துடும்" என்று பேசிக்கொண்டிருந்தான்.

பாடத்தின் கடைசி நாள் கங்கையம்மாள் தேவகியிடம் ஒன்று சொல்லி அனுப்பினாள். "பழகுன கொழந்தைய இனிமே கட்டாதமா. அதுக்கும் தண்ணிக்கும் நடுவுல கயிறு இன்னாத்துக்கு?" தேவகி தலையாட்டினாள். மற்றப் பதினைந்து தாய்மார்களும் கட்டுவதை விட்டுவிட்டார்கள். தேவகி மறுநாளும் கட்டினாள், அதற்கு மறுநாளும் கட்டினாள். கங்கையம்மாளை நம்பாமல் இல்லை. விரல்கள் தாமாகவே போட்டு முடித்துவிட்டன.

அந்த வெள்ளிக்கிழமை தேவகி பக்கத்துத் தெரு மேட்டில் சாயப்பட்டறையில் இருந்தாள். ஒன்பது நாள் விடாமல் பெய்த மழையில் மேற்கே இருந்த ஏரிக்கரை உடைந்தது. முதலில் தறிக்குழிகள் நிறைந்தன, பிறகு வீடுகள், பிறகு தெரு. பள்ளத்துப் பட்டறைகளில் கவிழ்ந்த சாயமெல்லாம் வெள்ளத்தில் கலந்து அரக்கும் மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும் பட்டை பட்டையாக ஓடின. தேவகி தெருமுனைக்கு வந்தபோது அரக்கு நிறம் வந்துகொண்டிருந்தது. ரத்தம் என்று நினைத்து அலறினாள். அந்தச் சிவப்பின் மேல் குழந்தைகள் வந்தன. வடிவாம்பாள் பிள்ளை, கிருஷ்ணவேணியின் இரட்டைப் பெண்கள், போலீஸ்காரர் மகன். எல்லாம் மல்லாந்து, கையை விரித்து, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தன. போலீஸ்காரர் மகன் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தான். தேவகி ஒவ்வொன்றின் முகத்தையும் பார்த்தாள். பதினாறோடு நின்றுவிட்டது. தன் விரல்களைப் பார்த்தாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது.

அவளுக்கு நீந்தத் தெரியாது. சுவரைப் பிடித்து, மின்கம்பத்தைப் பிடித்து, கழுத்தளவுத் தண்ணீரில் தன் வீட்டுக்கு மூன்று வீடு முன்னால் வரைக்கும் போனாள். அதற்கு மேல் கால் எட்டவில்லை. பக்கத்து மாடியில் பரசுராமன் நின்றிருந்தான். தலையில் ஒரு மூட்டை, அதன்மேல் தார்ப்பாய். தறியில் இருந்த முகூர்த்தச் சேலை, பட்டு நூல் கொடுக்கிற தனசேகரன் முதலாளிக்கு நெய்தது. இன்னும் ஒரு முழம் நெய்தால் தறியை விட்டு இறங்கியிருக்கும். தண்ணீர் குழிக்குள் வந்ததும் அறுத்துச் சுருட்டித் தூக்கிக்கொண்டு மாடி ஏறியிருந்தான்.

"சேலை நனையல தேவகி!" என்று அங்கிருந்தே கத்தினான். "ஒரு சொட்டு படல!"

"கொழந்த எங்க?"

"அதுக்குத்தான் தண்ணி பழகிக்கிச்சே. இந்நேரம் எல்லாத்தோடயும் போயிக்கினு இருக்கும்."

"யோவ், அவுத்தியா?"

கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவள் அவனை யோவ் என்றதில்லை. அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கைகள் மூட்டையை இன்னும் ஒரு சாண் உயரத் தூக்கிக்கொண்டன. வீட்டு வாசலில் தண்ணீர் நிலையின் மேல்கட்டையைத் தொட்டிருந்தது. கயிறு இரண்டு முழம். தண்ணீர் நாலு முழம். தேவகிக்கு இந்தக் கணக்கு தானாக மனசில் ஓடியது. வேறு எதுவும் ஓடவில்லை. அழுகை வரவில்லை. மின்கம்பத்தைக் கட்டிக்கொண்டு, தன் வீட்டுச் சுவரில் ஓட்டை விழுந்திருப்பதையும் அதை மழைக்கு முன்னால் பூசியிருக்க வேண்டும் என்பதையும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது வீட்டின் முன்சுவர் உப்பியது. உப்பி, வெடித்து, தெருப்பக்கம் சாய்ந்தது. அந்த வழியாகக் காந்தா வெளியே வந்தது. மல்லாந்து, கையை விரித்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. இடுப்பிலிருந்து கயிறு விண்ணென்று பின்னால் நீண்டிருந்தது. கயிற்றின் மறுமுனையில் தறி வந்தது. ஒன்றரை முழம் மண்ணில் புதைத்திருந்த தறிக்கால்கள் வேர்மண்ணோடு பிடுங்கிக்கொண்டு, மிதிகட்டை தொங்க, அறுபட்ட பாவு நூல் தண்ணீரில் விரிந்து அலைய, முழுத்தறியும் குழந்தைக்குப் பின்னால் வந்தது. கயிறு இறுகிய பிறகும் தண்ணீர் ஏறியிருக்கிறது; குழந்தை அடியில் போகவில்லை, தறிதான் மேலே எழுந்திருக்கிறது. இந்தக் குழந்தைகள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அதுவரை யாரும் பார்த்ததில்லை.

தேவகி குழந்தையின் பெயரைச் சொல்லிக் கத்தப்போனாள். எங்கிருந்தோ நீந்தி வந்த கங்கையம்மாள் அவள் வாயைப் பொத்தினாள். "எழுப்பாத! முழிச்சு உன்னப் பாத்துச்சுன்னா தாவும். தாவுனா தண்ணி குடிக்கும். தூங்கட்டும் வுடு." அதனால் அன்றைக்குப் பதினாறு தாய்மார்களும் வேகவதி ஆற்றுக் கரையோடு வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். பதினைந்து மைல் தூரமும் ஒரு சத்தம் எழவில்லை. கரையோர ஊர்க்காரர்கள் குழந்தைகள் போவதைப் பார்த்துவிட்டு நாய்களைப் பிடித்துக் கட்டினார்கள்.

பதினாறு குழந்தைகளும் மூன்று மணிக்கே ஒதுங்கிவிட்டன. ஆறுகள் சேருகிற அந்த மணல்மேட்டில் தாய்மார்கள் ஓடி ஓடி அவரவர் பிள்ளையை எடுத்தார்கள். தேவகி மட்டும், வழியில் கண்ணுக்கு மறைந்த காந்தா வரும் என்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தறி ஒரு பாலத்தில் சிக்கிக்கொண்டது என்றும், ஆட்கள் மூங்கிலால் தள்ளிவிட்டார்கள் என்றும் பின்னால் தெரிந்தது. ஐந்து மணிக்குக் காந்தா வந்தது. முடிச்சை அவிழ்க்க எட்டுப் பேர் முயன்றார்கள். முடியவில்லை. கங்கையம்மாள் ஒரு அரிவாளை வாங்கித் தேவகியிடம் நீட்டினாள். "நீ போட்டது. நீயே அறு." தேவகி அறுத்தாள். அறுந்த கணமே தறி இடுப்பளவுத் தண்ணீரில் தொப்பென்று அடியில் உட்கார்ந்தது. குழந்தை கண் விழித்துப் பசிக்கு அழுதது. அதன் உதடு நீலம் பாரித்திருந்தது, உடம்பு உதறியது. துடைக்க ஒரு துணி இல்லை. மேட்டில் நின்ற அத்தனை பேர் மேலும் மழை பெய்துகொண்டிருந்தது.

அப்போது பரசுராமன் வந்து சேர்ந்தான். தலையில் மூட்டை அப்படியே இருந்தது. பதினைந்து மைலும் சுமந்துகொண்டே நடந்திருந்தான். கீழே வைக்க ஈரமில்லாத இடம் கிடைக்கவில்லை என்றான். தேவகி தார்ப்பாயை விலக்கி, சேலையை உருவினாள். அரக்குப் பட்டு, ஒரு சாண் சரிகைக் கரை. காய்ந்து மொடமொடவென்று இருந்தது. எல்லோரும் குழந்தை தறியை இழுத்து வந்ததைத்தான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேவகிக்கு அந்தத் துணி காய்ந்திருப்பதைத்தான் நம்ப முடியவில்லை. இரண்டு விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு முந்திப் பக்கத்தால் குழந்தையின் தலையைத் துவட்டி, உடம்பைச் சுற்றினாள். கிருஷ்ணவேணி அருகில் வந்து, "கொஞ்சம் குடேன், இதுங்களும் நடுங்குது" என்றாள். தேவகி சேலையை நீளமாக விரித்துவிட்டாள். பதினேழு குழந்தைகளையும் அதில் வரிசையாகக் கிடத்திப் போர்த்தினார்கள். தார்ப்பாயை மேலே நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். ஒரு முனையைப் பரசுராமன் பிடித்துக்கொண்டான். அவன் கண் சேலையில் இல்லை, குழந்தை மேலும் இல்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் தனசேகரன் முதலாளி வந்து சேலையை விரித்துப் பார்த்தார். மூத்திரமும் ஆற்றுமண்ணும் வீசியது. தறி எங்கே என்று கேட்டார். திருமுக்கூடலில் இருக்கிறது என்றார்கள். யார் கொண்டுபோனது என்றார். குழந்தை என்றார்கள். "சரி, வண்டி அனுப்பறேன்" என்றார்.

அதற்கப்புறம் தேவகி எந்தக் குழந்தையையும் கட்டவில்லை. பின்னால் பிறந்த இரண்டையும் பட்டப்பகலில், பரசுராமன் கூடவே வர, பம்புசெட்டுக்குக் கொண்டுபோனாள். கங்கையம்மாளை அக்கா என்று கூப்பிட்டாள். எழுபத்தொன்றில் ஒருநாள் சோறு போடும்போது, "அன்னிக்கு இன்னாத்துக்குச் சேலைய எடுத்தே?" என்று புருஷனைக் கேட்டாள். அவன் சோற்றைப் பிசைந்தான். "தெரியல. கை தானா அங்க பூட்சு" என்றான். அவள் அவன் கையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், மோர் ஊற்றினாள்.

தறியைப் பழைய குழியிலேயே, பழைய ஆழத்திலேயே நட்டார்கள். ஆனால் அதற்கும் தண்ணீர் பழகிவிட்டிருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை பிடித்தால் கால்களை உருவிக்கொண்டு தரையிலிருந்து ஒரு சாண் எழுந்து நின்றது. பரசுராமன் அந்த நேரத்தில் குழியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு வெற்றிலை போடுவான். சேலை வாங்க வந்த வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிடுவார்கள். தேவகி இடுப்பில் பிள்ளையோடு வந்து பாயை விரிப்பாள்.

"மழ வுட்டா எறங்கிடும். குந்துங்க, சேலை எடுத்தாரேன்."