கடன் வாங்கத் தெரியாத குடும்பம்

வீட்டில் அவளுக்கு மின்னல் என்று பெயர். அவள் சாப்பிட்டு எழுந்திருப்பதற்குள் மற்றவர்கள் கை கழுவி, டிவி பார்த்து, கொட்டாவியும் விட்டிருப்பார்கள். அதைப் பார்த்து மாமா வைத்த பெயர் அது. பிசியோதெரபி படிக்க வெளியூர் போன பிறகும் அவள் வேகம் கூடவில்லை. கல்லூரி வாசலில் மேசை போட்டிருந்த வங்கிக்காரப் பெண்ணிடம் ‘வேண்டாம்’ என்று சொல்ல அவள் வாய் திறப்பதற்குள் அந்தப் பெண் பேனாவைக் கையில் திணித்துவிட்டாள். மாணவர்களுக்கான கிரெடிட் கார்டு அவள் பெயருக்கு வந்தது அப்படித்தான்.

சேதியைக் கேட்டதும் அப்பாவின் குரல் இறங்கிப்போனது. அவர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடி அடுக்குமாடியாக ஏறி இறங்கிச் சம்பாதித்தவர். ஒருவரிடமும் கடன் வாங்கியதில்லை என்பதுதான் அவருடைய பட்டம், பதக்கம் எல்லாம். ஸ்கூட்டரைக்கூட முழுப் பணம் சேர்த்து வாங்கினார். சேர்த்து முடிப்பதற்குள் அந்த மாடலே கடையில் நின்றுபோனது வேறு கதை.

“அதைத் தொடாதேம்மா. நம்ம குடும்பத்துக்குக் கடன்காரன்னா உன் மாமா ஒருத்தன் போதும்” என்றார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். கடையிலிருக்கும் மெஷின் தவணை, வீட்டிலிருக்கும் டிவி தவணை, ஓட்டும் கார் தவணை. மாமா வீட்டில் தவணையில் வராதது குழாய்த் தண்ணீர் மட்டும்தான் என்று அப்பா சொல்வார். அம்மா அதற்குச் சிரித்ததே இல்லை.

மின்னல் சொன்ன பேச்சைக் கேட்பவள். கார்டை ஒரு பழைய காலுறைக்குள் போட்டு, பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினாள். அதற்கு அப்புறம் அந்த நினைப்பே அவளுக்கு இல்லை.

கடைசி ரெண்டு வருடப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்க வேண்டியிருந்தது. அவளும் வகுப்புத் தோழியும் அலைந்து திரிந்து ஒரு வீடு பிடித்தார்கள். சின்ன வீடு, நல்ல காற்று, மாடிப்படி மட்டும் கொஞ்சம் செங்குத்து. எல்லாம் பேசி முடித்த பிறகு வீட்டு ஏஜென்ட் தன் டேப்லெட்டில் அவர்கள் விவரங்களைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“ரெண்டு பேருக்கும் கிரெடிட் ஸ்கோரே வரலயே. கார்டு ஏதாவது வச்சிருக்கீங்களா?”

“என்கிட்ட இருக்கு சார். ஆனா ஒரு தடவைகூட எடுத்ததில்ல. பத்திரமா வச்சிருக்கேன்” என்றாள் மின்னல், பாராட்டை எதிர்பார்த்து.

“பத்திரமா வைக்க அது என்ன நகையாம்மா? வாங்கணும், ஒழுங்காத் திருப்பிக் கட்டணும். அதைப் பார்த்துத்தானே மார்க் போடுவாங்க. போகட்டும், பெரியவங்க யாராவது ஜாமீன் போட்டா வீடு உங்களுக்குத்தான்.”

அப்பா அடுத்த நாளே வந்து இறங்கினார். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. மாமாவின் காரில்தான் வந்தார், வேறு வழியில்லாமல். ஏஜென்டின் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. வருகிறவர்களுக்கென்று இருந்த ஒரே நாற்காலியில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். மாமா கதவோரம் நின்று சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

“நல்லாப் பாருங்க சார். இந்த வயசு வரைக்கும் ஒரு பைசா கடன் கிடையாது” என்றார் அப்பா.

ஏஜென்ட் தட்டினார். துடைத்துவிட்டு மறுபடி தட்டினார்.

“ஒண்ணும் வரல சார்.”

“வராது. அப்படின்னா நான் சுத்தமான ஆளுன்னு அர்த்தம்.”

“இல்ல சார். நீங்க யாருன்னே தெரியலன்னு அர்த்தம்.”

அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. எத்தனை கட்டிடங்களில் லிஃப்டுக்குள் தன் பெயரும் போன் நம்பரும் ஒட்டியிருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். ஏஜென்ட் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். மின்னல் தரையைப் பார்த்தாள். அப்பாவை யாரும் இப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. தன்னால்தானே இங்கே வந்து உட்கார்ந்தார் என்று நினைத்துக்கொண்டாள்.

“நான் வேணா போடவா அத்தான்?” என்றார் மாமா, கதவோரத்திலிருந்தே.

அவருடைய விவரத்தைத் தட்டியதும் ஏஜென்டின் புருவம் ஏறியது. “சார், உட்காருங்க சார்” என்றார். வேறு நாற்காலி இல்லாததால் தன் நாற்காலியையே நகர்த்திக் கொடுத்தார். “இந்த ஏரியாவுல இப்படி ஒரு ஸ்கோர் நான் பார்த்ததில்ல. இத்தனை லோன், ஒரு தவணைகூடத் தவறல.”

“தவறினா தூக்கம் வராது சார்” என்றார் மாமா. அதில் பெருமை கொஞ்சமும் இல்லாததுதான் அப்பாவுக்குப் பொறுக்க முடியாமல் போனது.

வீடு கிடைத்தது. ஒரு வருடத்துக்கு மாமாவின் ஜாமீன், அதற்குப் பிறகு மின்னல் தன் சொந்த ஸ்கோரைக் காட்ட வேண்டும் என்று பேச்சு. அன்று ஊர் திரும்பியதும் அம்மா தம்பிக்கு மட்டும் டீ போட்டுக் கொடுத்தாளாம். இதை மாமாவே போனில் சொன்னார்.

ரெண்டு நாள் கழித்து அப்பா போன் செய்தார். பேச்சில் வேறு ஆளாக இருந்தார்.

“என்னம்மா, இன்னிக்கு ஏதாவது கடன் வாங்கினியா?”

“கார்டுல பஸ் பாஸ் எடுத்தேன்ப்பா.”

“நல்லது. நாளைக்கும் ஏதாவது வாங்கு. பில் வந்ததும் முழுசாக் கட்டிடு.”

காலையில் போன், மாலையில் போன். கடன் வாங்கச் சொல்லி மகளை நச்சரிக்கும் அப்பன் உலகத்தில் இவர் ஒருவர்தான் என்று தோழி சிரித்தாள். அதோடு விட்டாரா? தானும் யாரென்று காட்டியே தீருவது என்று வங்கிக்குப் போனார். ஸ்கோர் இல்லாதவருக்குக் கார்டு இல்லை என்று கைவிரித்தார்கள். மகளின் கார்டில் துணைக் கார்டாகச் சேரலாம், அதில் அவருக்கும் கடன் வரலாறு உண்டாகும் என்று அங்கிருந்த ஒருவர் வழி சொன்னார். ஆக, மாணவர் கார்டு ஒன்றில் தலை நரைத்த ஒரு மெக்கானிக்கும் சேர்ந்துகொண்டார்.

மின்னலுக்கு ஸ்கோர் முதன்முதலாகத் தலைகாட்டிய மாதம் அது. ஒரு சாயங்காலம் தோழியோடு சூப்பர் மார்க்கெட்டில் சோப்பு, அரிசி, எண்ணெய் எல்லாம் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். கார்டைச் செருகினால் மெஷின் மறுத்தது. துடைத்துச் செருகினாள், மறுபடி மறுத்தது. பின்னால் நின்றவர்கள் தொண்டையைக் கனைத்தார்கள். தோழி பணம் கொடுத்து மானத்தைக் காப்பாற்றினாள். வெளியே வந்ததும் மின்னல் போனை எடுத்தாள்.

“அப்பா, கார்டுல ஏதாவது வாங்கினீங்களா?”

“டிரில்லிங் மெஷின் வாங்கினேம்மா. பெரிசா வாங்கினா மார்க்கும் பெரிசா வரும்ல?”

அந்தக் கார்டில் செலவழிக்க இருக்கிற வரம்பே இத்துனூண்டு. அதை ஒரே மெஷினில் நிரப்பிவிட்டிருந்தார். அதைச் சொல்லி முடிக்க வழக்கமாக அவளுக்கு அரை மணி நேரம் ஆகும். அன்று வார்த்தைகள் தானாகக் கொட்டின.

“வரம்பு முட்ட வாங்கினா, இவங்க கையில காசில்லன்னு நினைச்சு ஸ்கோரைக் குறைச்சிடுவாங்கப்பா. கால்வாசியத் தொட்டா போதும். இனிமே என்னைக் கேட்காம ஒரு திருகாணிகூட அதுல வாங்கக்கூடாது. இந்த மெஷின் பணத்தை நாளைக்கே கட்டிடுங்க.”

அப்பாவை அதட்டிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“சரிம்மா. நாளைக்குக் காலையிலேயே கட்டிடறேன்” என்றார் அப்பா, நல்ல பிள்ளையாக.

இறங்கிய ஸ்கோர் ஏற மாதங்கள் பிடித்தன. அப்பா கேட்டுக் கேட்டு வாங்கினார். கிரீஸ் டப்பா வாங்கலாமா? வாங்குங்க. பெட்ரோல் போடலாமா? பாதி டேங்க் போடுங்க. வருடம் முடிந்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது ஏஜென்ட் மின்னலின் விவரத்தைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். இனி ஜாமீன் வேண்டியதில்லை என்று மாமாவின் பெயரை எடுத்துவிட்டார்.

இதை அவள் குதூகலமாகப் போனில் சொன்னபோது, “அப்படியா, சந்தோஷம்” என்றார் மாமா. குரலில் சந்தோஷத்தைக் காணோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். டீயைக் குடித்துவிட்டு, தோழிக்கு ஏதாவது ஜாமீன் வேண்டியிருக்குமா என்று விசாரித்தார். வேண்டாம் என்று தெரிந்ததும் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு வருடம் அக்கா வீட்டில் அவருக்கு முதல் பந்தி மரியாதை நடந்தது என்பது மின்னலுக்கு அப்போதுதான் உறைத்தது. தாமதமாகத்தான், ஆனாலும் உறைத்தது.

“மாமா, வாஷிங் மெஷின் ஒண்ணு வாங்கணும். எந்தக் கடையில என்ன தவணை, எதுல ஏமாத்துவான், எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க கூட வரணும்.”

மாமா எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “வட்டியில்லாத் தவணைன்னு சொல்வான். அதுல தனியா ஒரு சார்ஜ் ஒளிச்சு வச்சிருப்பான். நான் பேசிக்கறேன். நீ வாயத் திறக்காதே.”

செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்தார்.

“அத்தானையும் அடுத்த பஸ்ஸுல வரச் சொல்லேன். அவருக்கும் இதெல்லாம் தெரிஞ்சிருக்கட்டும்.”