துணைக்கு ஓர் ஆள்

பம்பாய் மாட்டுங்காவில் ஷ்யாமளாவின் வீட்டிலிருந்து கல்லூரிக்கு நடந்தே போய்விடலாம். அந்தத் தூரம் மட்டும் அவள் தனியாகப் போகலாம். அதற்கு அப்பால் எங்கே போவதானாலும் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். இது அப்பா சுப்ரமணியன் போட்ட சட்டம். அவர் ரயில்வே ஆபீசில் ஹெட்கிளார்க். வீட்டில் அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. உயர்த்த வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை.

தாதரில் புத்தகக் கடைக்குப் போக வேண்டுமென்றால் அம்மா வர வேண்டும். அம்மாவுக்கு முட்டிவலி. ஆகையால் புத்தகம் அடுத்த வாரம். சயானில் கச்சேரி என்றால் எதிர் வீட்டு மாமி வருவாள். மாமிக்குப் பாதிக் கச்சேரியில் தூக்கம் வந்துவிடும், எழுந்து வந்துவிட வேண்டியதுதான். ஷ்யாமளா பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தாள். தவளையின் நரம்புகளை அறுபடாமல் பிரித்தெடுக்க அவளுக்குத் தெரியும். டிக்கெட் வாங்கி ரயிலேறத் தெரியும் என்று மட்டும் வீட்டில் யாரும் நம்பவில்லை.

அறுபத்து நாலாம் வருஷம் மழை விட்டபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு முழுவதும் மெரைன் டிரைவில் உள்ள மீன்காட்சி சாலைக்குப் போவதாக ஏற்பாடாயிற்று. உயிருள்ள மீன்களைப் பார்த்து ஜர்னலில், அதாவது செய்முறை நோட்டில், படம் போட வேண்டும்.

"சுந்தரம் கூட வருவான்," என்றார் அப்பா.

சுந்தரராமன் பெரியம்மாவின் பிள்ளை. ஷ்யாமளாவைவிட இரண்டு வயது பெரியவன். பாலக்காட்டிலிருந்து வேலை தேடி வந்து ஒரு மாதமாக முன்னறையில் படுத்திருந்தான்.

"அவனுக்கு வழியே தெரியாதேப்பா."

"நோக்குத் தெரியுமோல்லியோ. நீ வழி சொல்லு. அவன் துணைக்கு வரட்டும்."

அப்பா இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனில் ஷ்யாமளா அவனுக்கு விளக்கமாகச் சொன்னாள். "நான் லேடீஸ் பெட்டியில ஏறிப்பேன். நீ பக்கத்துப் பெட்டியில ஏறிக்கோ. சர்னி ரோடு வந்ததும் இறங்கு. பலகையில இங்கிலீஷ்ல எழுதியிருக்கும்."

சுந்தரம் தலையை ஆட்டினான். வண்டி வந்தது. அவள் ஏறினாள். திரும்பிப் பார்த்தால் அவனும் பின்னாலேயே ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"ஏ, உத்தர் காலி!" என்று, கீழே இறங்கச் சொல்லி, கூடை வைத்திருந்த ஒரு மராட்டிக்காரி கத்தினாள். இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். "லேடீஸ் டப்பா ஹை, திக்தா நஹி?" பெண்கள் பெட்டி என்று கண் தெரியவில்லையா என்றார்கள்.

"மைம் இஸ்கா பாய்," என்றான் சுந்தரம், இவளுக்கு நான் அண்ணன் என்ற அர்த்தத்தில். அவனுக்குத் தெரிந்த ஹிந்தி மொத்தமும் அதுதான். சொல்லிவிட்டு, நிரூபிப்பதைப்போல ஷ்யாமளாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

பெட்டி முழுவதும் சிரித்தது. தன்னையும் சேர்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பது ஷ்யாமளாவுக்குத் தாங்க முடியவில்லை. தாதர் வந்ததும் ஒருத்தி அவன் தோளைப் பிடித்துத் தள்ளி இறக்கினாள். அவன் கை விடாததால் ஷ்யாமளாவும் இறங்க வேண்டியதாயிற்று.

"சித்தப்பா உன்னைத் தனியா விடக்கூடாதுன்னு சொல்லியிருக்கார் கேட்டயா," என்றான் பிளாட்பாரத்தில், சட்டையைச் சரிசெய்துகொண்டு. "நான் என்ன பண்ணட்டும்?"

வாயைத் திறந்தால் ஜனங்களுக்கு நடுவில் என்ன சொல்லிவிடுவோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அடுத்த வண்டியில் அவனோடு பொதுப் பெட்டியிலேயே ஏறினாள். முதுகில் யாருடைய முழங்கையோ அழுத்த, ஜர்னலை மார்போடு அணைத்துக்கொண்டு சர்னி ரோடு வரை நின்றாள். சுந்தரத்துக்கு உட்கார இடம் கிடைத்துவிட்டது.

மீன்காட்சி சாலையில் வகுப்பு முக்கால்வாசி பார்த்து முடித்திருந்தது. பேராசிரியை ஒரு பார்ஸி அம்மாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஷ்யாமளாவைப் பார்த்தார், பின்னால் நின்ற சுந்தரத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

"என்ன புள்ள, இம்புட்டு நேரமாயிட்டு?" என்று ராபியா கிசுகிசுத்தாள். ராபியா தாராவியிலிருந்து வருபவள். அவளுடைய வாப்பாவுக்கு அங்கே தோல் வியாபாரம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம்.

"துணைக்கு ஆள் வந்திருக்கு," என்றாள் ஷ்யாமளா. "நீ யாரோட வந்தே?"

"ஒத்தையிலதான். எங்க வாப்பாட்ட கேட்டா விடுவாகளா? காலேஜுல கிளாஸ்னு சொல்லிட்டு வந்துட்டேன். நீயும் அப்பிடிச் சொல்ல வேண்டியதுதானே."

"நான் எதுக்குப் பொய் சொல்லணும்?" என்றாள் ஷ்யாமளா. அவளையறியாமல் குரல் உயர்ந்தது. "மீனைப் பார்க்கறதுக்கா பொய் சொல்லணும்?"

ராபியா தோளைக் குலுக்கிவிட்டுத் தன் படத்துக்குத் திரும்பினாள்.

கடைசித் தொட்டியில், பாறை இடுக்கிலிருந்து ஒரு விலாங்கு தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து திறந்து மூடியது. பார்க்கிறவர்கள் அது கடிக்க வருகிறது என்று நினைத்து நகர்ந்தார்கள். அது மூச்சுவிடுகிறது என்று ஷ்யாமளாவுக்குத் தெரியும். வாய் மூடும்போது தலைக்குப் பின்னால் இருக்கும் சின்னத் துளை திறக்கிறதா, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணாடியோடு முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தாள். புத்தகத்தில் ஒரு வரியாக இருந்தது இங்கே அசைந்துகொண்டிருந்தது. பென்சிலை எடுத்துத் தலையின் கோட்டைப் போட்டாள். அதுவரை மனதில் இருந்த எரிச்சலெல்லாம் எங்கோ போயிருந்தது.

"போலாமா?" என்றான் சுந்தரம், மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு. "நாத்தம் சகிக்கலை. நேக்கு வயத்தைப் பிரட்டறது."

"இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன். நீ வெளியில போய் உட்காரு."

"உன்னை விட்டுட்டா? சித்தப்பா கேட்டா என்ன சொல்லுவேன்?"

அவன் விடவில்லை. கொஞ்ச நேரத்துக்கொரு முறை "ஆச்சா?" என்றான். பிறகு மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஓக்கரித்தான். பேராசிரியையே வந்து, அவரை அழைத்துக்கொண்டு போய்விடு என்றார். கண் வரையாத விலாங்கோடு ஷ்யாமளா ஜர்னலை மூடினாள்.

வெளியே வந்ததும் சுந்தரத்துக்கு வயிறு சரியாகிவிட்டது. சௌபாத்தி கடற்கரையில் பேல்பூரி தின்றான். இவ்வளவு தூரம் வந்துவிட்டு மலபார் ஹில் பார்க்காமல் போவதா என்றான். அங்கே பூங்காவில் இருக்கும் பூட்ஸ் வடிவ வீட்டைப் பற்றி ஊரிலேயே கேள்விப்பட்டிருக்கிறானாம். ஷ்யாமளா வழி கேட்டு, பஸ் நம்பர் பார்த்து, கண்டக்டரிடம் ஹிந்தியில் பேசி அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். குழந்தைகளோடு வரிசையில் நின்று அவன் அந்தப் பூட்ஸுக்குள் ஏறி, மேலேயிருந்து கை காட்டினான். அவள் கீழே ஜர்னலோடு நின்றாள். பதிலுக்குக் கை காட்டவில்லை.

வீடு திரும்பும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏண்டா சுந்தரம், இத்தனை நேரம்?"

"அவ மீனையே பார்த்துண்டு நின்னா சித்தப்பா," என்றான் அவன், செருப்பைக் கழற்றிக்கொண்டே. "நான் எத்தனை தடவை கூப்பிட்டேன்."

ஷ்யாமளா நின்ற இடத்திலேயே நின்றாள். "மலபார் ஹில்லுக்குப் போகணும்னு யார் சொன்னது? சொல்லேன்."

"சரி, வந்த வழியில ஒரு எட்டு பார்த்தோம்," என்றான் சுந்தரம்.

அப்பா அவனை மேற்கொண்டு கேட்கவில்லை. "இனிமே வெளியில போற பாடமெல்லாம் வேண்டாம்," என்று அவளைப் பார்த்துச் சொன்னார். "காலேஜ்ல என்ன சொல்லித் தராளோ அது போறும்."

"நான் சொல்றதை ஒரு தடவையாவது கேளுங்கோ."

"கை கால் அலம்பிண்டு சாப்பிட வா."

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. அம்மா இரண்டு முறை வந்து கூப்பிட்டுவிட்டுப் போனாள். சுந்தரம் இரண்டாம் தடவை ரசம் கேட்பது உள்ளே காதில் விழுந்தது.

மறுநாள் காலை கல்லூரி வாசல் வரை போனாள். அங்கே நிற்காமல் நடந்து ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட் வாங்கினாள். லேடீஸ் பெட்டியில் ஜன்னலோரம் கிடைத்தது. யாரும் அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. சர்னி ரோடில் இறங்கி வேகமாக நடந்து மீன்காட்சி சாலைக்கு வந்தாள். கதவு பூட்டியிருந்தது. திங்கட்கிழமை விடுமுறை என்று பலகை தொங்கியது.

இருந்த கோபத்தில் கிழமையை யோசிக்கவே இல்லை. இப்போது பழி போட ஓர் ஆளும் இல்லாமல் போனதில் இன்னும் கோபம் வந்தது. கதவைக் காலால் ஓர் உதை விட்டாள். காவல்காரன் எட்டிப் பார்த்து, "கல் ஆனா," என்றான். நாளைக்கு வா என்றதோடு சரி, வேறு ஒன்றுமே அவன் கேட்கவில்லை. யாரோடு வந்தாய் என்றுகூட.

மாலையில் அப்பா காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அவர் எதிரே போய் நின்றாள்.

"இன்னிக்கு நான் காலேஜ் போகலை. மீன்காட்சி சாலைக்குப் போனேன். தனியா. மூடியிருந்தது. நாளைக்கு மறுபடியும் போகப் போறேன்."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "யாரைக் கேட்டுண்டு போனே?"

"கேட்கலை. ராபியா மாதிரி பொய் சொல்லிட்டும் போயிருக்கலாம். உங்ககிட்ட உண்மையைச் சொல்றேன். உண்மையைச் சொல்ற எனக்குத் துணை வேணுமாம். பொய் சொல்றவன் எனக்குத் துணையாம்."

முன்னறையில் செய்தித்தாளைப் புரட்டும் சத்தம் நின்றது. அம்மா சமையலறை வாசலில் வந்து, "போறுண்டி ஷ்யாமு," என்றாள்.

"போறாதும்மா."

அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். போகாதே என்று அவர் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அம்மா சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் கறியும் அடுக்கு டப்பாவில் வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கு. "அப்பா சொல்லலைடி, நான்தான் சுந்தரத்தைக் கூடப் போகச் சொன்னேன். குளிச்சுண்டிருக்கான். அஞ்சு நிமிஷம் இரு, சேர்ந்தே போங்கோ."

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஷ்யாமளா டப்பாவை அம்மா கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஜர்னலை எடுத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். அம்மா மேலேயிருந்து கூப்பிட்டாள். ஷ்யாமளா திரும்பவில்லை.

விலாங்கு அதே இடுக்கில்தான் இருந்தது. வேண்டுமட்டும் பார்த்து, கண்ணை, பல்லை, தலைக்குப் பின்னாலுள்ள துளையை, எல்லாவற்றையும் போட்டு முடித்தாள். மத்தியானம் கடலோரச் சுவரில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். சப்பாத்தியைக் கோபமாகவே பிய்த்துத் தின்றாள். தன் பங்கு முடிந்ததும், சுந்தரத்தின் பங்கு இருந்த கீழ் அடுக்கையும் திறந்தாள்.