ஆடு கூட நடத்தும் இணையதளம்

"இந்த வெப்சைட்ல நம்ம தோட்டத்து ஆடுகூட செய்தி போடும்," என்று முகுந்தன் மார்தட்டினான். மலேசியாவின் ரந்தாவ் தோட்டத்துக் கோயிலுக்காக, இருப்பதிலேயே எளிதான மென்பொருளை அவன் தேடிப் பொறுக்கியிருந்தான்.

கூட வேலை பார்க்கும் திலகா நம்பவில்லை. "நம்ம கமிட்டிக்கு வாட்சப்ல படம் அனுப்பவே வராது லா."

தோட்டம் விற்பனையாகிவிட்டது. சிதறிப்போன சனம் கூடி இழுக்கப்போகும் கடைசித் தேர் அது. கமிட்டித் தலைவர் இணையதளத்தில் தேர் நாள் சனிக்கிழமை என்று போட்டார். கோயிலில் முதல் மாலை யாருக்கு என்பதில் அவரோடு முறைத்துக்கொண்டிருந்த செயலாளர், அதை அழித்து ஞாயிறு என்றார். இருவரும் சோறு தண்ணி மறந்து மாற்றி மாற்றிப் போட்டார்கள்.

பாதிப்பேர் சனிக்கிழமை வந்தார்கள், மீதிப்பேர் மறுநாள். இரண்டு நாளும் வடம் பிடிக்க ஆள் போதாமல் தேர் கொட்டகையிலேயே நின்றது.

"வெப்சைட் சுலபம்தான், ஒத்துக்கிறேன் அண்ணே," என்றாள் திலகா. "யாரையும் கேக்காம அவங்களேதான் செஞ்சாங்க."