மூன்றும் ஒரே அறையில்

ஏ.சி.க்கு அடியில் வைத்திருந்த வாளி முக்கால்வாசி நிறைந்திருந்தது. அவள் அதைத் தூக்கிப்போய்க் கழிப்பறையில் கொட்டினாள். திரும்பி வந்து தரையைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, அண்ணாந்து பார்த்துச் சொட்டு விழும் இடத்தைக் கணித்து வாளியை வைத்தாள். அந்த இடம் நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டிருந்தது. இப்போது வாளிக்கும் யூ.பி.எஸ். பெட்டிக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அந்தப் பெட்டியிலிருந்து கிளம்பிய மூன்று கறுப்பு ஒயர்கள் மூன்று இயந்திரங்களுக்குப் போயின.

பதினொரு வருடமாக இயந்திர அறை அவள் பொறுப்பில் இருந்தது. பதினொரு வருடமும் ஒப்பந்த ஊழியர்தான். ஆறு மாதமாக அவளுக்கு வாளியக்கா என்று பெயர். பெயர் வைத்தவர்கள் பக்கத்துக் கூடத்தில் போன் எடுக்கும் பெண்கள். அவளும் சிரித்துக்கொண்டே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தாள்.

ஊரில் யார் ஆம்புலன்ஸ் கேட்டுக் கூப்பிட்டாலும் அந்தக் கூடத்தில்தான் மணி அடிக்கும். முகவரியைத் தட்டியதும் அது மூன்று இயந்திரங்களிலும் பதிவாகும். அவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போனால்தான் வண்டிக்குத் தகவல் போகும். ஒன்று படுத்துவிட்டாலும் மற்ற இரண்டும் வேலையை இழுத்துக்கொண்டு ஓடும். அதற்காகவே ஆரம்பத்தில் மூன்றையும் மூன்று கட்டடங்களில் வைத்திருந்தார்கள். எட்டு மாதத்துக்கு முன்பு, வாடகை மிச்சம் என்று எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

அன்றைக்கே அவள் மேலாளரிடம் போய்ச் சொன்னாள். "மூணு பேரையும் ஒரே கயித்துல கட்டிட்டு, ஒருத்தன் விழுந்தா மத்த ரெண்டு பேரும் தூக்கிடுவாங்கன்னா எப்படி சார்?"

"மூணு இருக்குல்ல? அப்புறம் என்ன? உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

பிறகு மூன்று மெயில் எழுதினாள். முதல் மெயிலுக்குப் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. மற்ற இரண்டுக்கும் அதுகூட இல்லை. ஏ.சி. ஒழுகத் தொடங்கியபோது நான்காவதாக ஒன்று எழுதினாள். அதற்கு வாளி வந்தது.

பத்தே முக்காலுக்கு மேல்மாடியிலிருந்து போன் வந்தது. மேலாளர்தான். "கொஞ்சம் மேல வாங்க. வெளியூர் ஆளுங்க வந்தாச்சு, ப்ரொஜெக்டர்ல படம் வரல."

"வாளி ரொம்பிடும் சார். அரை மணிக்கு ஒரு தடவை கொட்ட வேண்டியிருக்கு."

"ஒரு வாளித் தண்ணிக்காக மீட்டிங்கை நிறுத்தச் சொல்றீங்களா? ரெண்டு நிமிஷ வேலைதானே, வாங்க."

மேலே கேபிளின் முனை தளர்ந்துபோயிருந்தது. அழுத்திப் பிடித்தால் படம் வந்தது, விட்டால் போனது. "அப்படியே பிடிச்சுக்கிட்டு நில்லுங்க" என்றார் மேலாளர். சுவரோடு சாய்ந்து, ஒரு கையால் கேபிளைப் பிடித்தபடி அவள் நின்றாள். வந்தவர்களின் ஊருக்கும் இதே சேவையை விற்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு நொடிகூட நிற்காத ஏற்பாடு என்று மேலாளர் விளக்கினார். அவள் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு தடவை "சார்" என்றாள். அவர் கையமர்த்தினார்.

பதினொன்று இருபதுக்குப் போன் எடுக்கும் பெண் ஒருத்தி செருப்புகூட இல்லாமல் மாடியேறி ஓடிவந்தாள்.

"அக்கா, ஸ்கிரீன் எல்லாம் அப்படியே நின்னுடுச்சு!"

வாளி வழிந்து தண்ணீர் யூ.பி.எஸ்.ஸின் அடியில் தேங்கியிருந்தது. கதவைத் திறந்ததும் கருகிய நாற்றம் முகத்தில் அடித்தது. மூன்று இயந்திரங்களிலும் ஒரு விளக்குகூட எரியவில்லை. அவள் யூ.பி.எஸ்.ஸின் சுவிட்சை அணைத்தாள். மூன்று ஒயர்களையும் உருவி, இரண்டு இயந்திரங்களை இழுத்துப்போய்ச் சுவர் பிளக்கில் நேராகச் செருகினாள். மூன்றாவது இயந்திரத்தின் பின்பக்கத்தைத் தொட்டதும் கையைச் சுட்டது. மற்ற இரண்டும் எழுந்து, தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டு, மெதுவாக ஓடத் தொடங்கின.

கூடத்தில் போன்கள் அடித்துக்கொண்டே இருந்தன. பெண்கள் முகவரிகளைப் பழைய தாள்களின் பின்புறத்தில் எழுதினார்கள். தாள் கிடைக்காத ஒருத்தி உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். எழுதி என்ன செய்ய? வண்டி ஓட்டுபவர்களின் நம்பர் எல்லாம் இயந்திரத்துக்குள் இருந்தது. அவரவர் செல்போன் வாசலில் பெட்டியில் பூட்டிக் கிடந்தது. "வண்டி வந்துட்டிருக்கு, பயப்படாதீங்க" என்று சொல்லத்தான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதையே சொன்னார்கள். திரும்பக் கூப்பிட்டவர்களிடமும் அதையே சொன்னார்கள்.

பன்னிரண்டு மணி ஆகும்போது திரையில் ஒரு கேள்வி வந்தது. நிற்பதற்கு முன் வந்த கடைசி அழைப்பு ஓர் இயந்திரத்தில் இருந்தது, இன்னொன்றில் இல்லை. மூன்றாவதைக் கேட்க வழியில்லை. ஒத்துப்போகாத பதிவை நீக்கிவிட்டுத் தொடரவா?

அவள் அந்தப் பதிவைத் திறந்து பார்த்தாள். 'மரப்பட்டறைச் சந்து, நீலக் கேட், ஆண், நெஞ்சு வ' என்பதோடு நின்றிருந்தது.

மரப்பட்டறைச் சந்து அவளுக்குத் தெரியும். அவள் வீட்டுக்காரர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். அவர் வண்டியை நிறுத்திவைக்கும் பெட்ரோல் பங்க்குக்கு இரண்டு தெரு தள்ளி அந்தச் சந்து. அவர் நம்பர் அவளுக்கு மனப்பாடம். அது அதுவரை நினைவுக்கு வரவில்லை. மேசை போனை எடுத்து அழுத்தினாள்.

"என்னங்க, வண்டி எங்க நிக்குது?"

"பங்க்லதான். காலையிலேருந்து சும்மாத்தான் கிடக்கறேன். வண்டியில கால் வர்ற பெட்டியில பச்சை லைட்டு எரிஞ்சுட்டேதான் இருக்கு, ஒரு கால்கூட வரல."

"மரப்பட்டறைச் சந்து, நீலக் கேட்டு. ஓடுங்க."

போனை வைத்த பிறகுதான் 'ஆம்' என்று அழுத்தினாள். பாதி எழுதிய முகவரி திரையிலிருந்து மறைந்தது. கூடத்தில் ஸ்கிரீன்கள் ஒவ்வொன்றாக உயிர்பெற்றன.

மூன்று நிமிடத்தில் அவர் அங்கே இருந்தார். நீலக் கேட் திறந்து கிடந்தது. முற்றத்தில் பாதி இழைத்த கதவுப்பலகை, சுருள் சுருளாகச் சீவல், ஒற்றைச் செருப்பு. பக்கத்து வீட்டுப் பெரியவர் வெளியே வந்து வண்டியைப் பார்த்தார். அப்புறம் இவரைப் பார்த்தார்.

"இப்பத்தான் கட்டை ஏத்துற வண்டியில போட்டுத் தூக்கிட்டுப் போனாங்க" என்றார். "எவ்வளவு நேரம்தான் பார்க்கிறது?"

மரவேலை செய்கிறவர், முப்பத்தெட்டு வயது. வழியிலேயே போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து இறந்தவரின் மனைவி பெட்ரோல் பங்க்குக்கு வந்தாள். சண்டை போடும் முகமாக இல்லை. யாரோ சொன்னதைச் சரிபார்க்க வந்தவள்போல வண்டியின் நம்பரைப் படித்துவிட்டு ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவரிடம் கேட்டாள்.

"அன்னைக்கு நீங்க இங்கயேதான் இருந்தீங்களாண்ணே?"

"ஆமாம்மா."

"பதினோரு தடவை போன் பண்ணினேன். வண்டி வருது, வண்டி வருதுன்னாங்க. நானும் வாசல்லயே நின்னேன். முன்னாடியே தெரிஞ்சிருந்தா நடந்தே வந்து உங்களைக் கூப்பிட்டிருப்பேனே."

அவள் பங்க்கிலிருந்து தன் சந்து வரைக்கும் கண்ணால் ஒரு தடவை அளந்துவிட்டுப் போனாள்.

விசாரணைக்கு மேலாளரும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அறிக்கை ஏற்கெனவே டைப் ஆகியிருந்தது. பராமரிப்பு ஊழியர் பணியிடத்தில் இல்லாததே சேவை தடைபடக் காரணம் என்று இருந்தது.

"மேல வரச் சொன்னதே நீங்கதானே சார்?"

"வரச் சொன்னேன். வாளியைக் கொட்டாம வரச் சொன்னேனா?"

"மூணையும் ஒரே இடத்துல வைக்காதீங்கன்னு நாலு தடவை எழுதியிருக்கேன்."

"எங்க எழுதினீங்க?" என்றார் நடுவில் இருந்தவர்.

"மெயில்ல."

மேலாளர் தொண்டையைச் செருமினார். "ஆபீஸ் மெயில் எல்லாம் அந்த மூணாவது மெஷின்லதான் இருந்துச்சு. எரிஞ்சுபோச்சே."

அவள் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து வைத்தாள். மூன்றாவது மெயிலை மட்டும் என்றைக்கோ பிரின்ட் எடுத்து வைத்திருந்தாள். நடுவில் இருந்தவர் பிரித்துப் படித்தார், திருப்பிப் பார்த்தார்.

"இதை யார் வேணும்னாலும் டைப் பண்ணலாமேம்மா. வேற எங்கயாவது இருந்தா காட்டுங்க."

"வேற எங்கயும் இல்ல சார்."

தாள் அவள் பக்கம் தள்ளப்பட்டது. பின்னாலேயே அறிக்கையும் பேனாவும் வந்தன. "வீட்ல கேட்டுட்டு நாளைக்கு வந்து போடுங்க, பரவாயில்ல" என்றார் மேலாளர். "வீட்டுக்காரரும் நம்ம கான்ட்ராக்ட்லதானே இருக்கார்?"

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் சட்டைகூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அவள் நடந்ததைச் சொல்லி முடித்தாள். அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒரு கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. அது கம்பெனிக்குத் தெரியாது. இன்னொரு இடத்தில் வேலைக்குப் போனால் முதலில் கண்ணைத்தான் பார்ப்பார்கள். இரண்டு பேருக்கும் அது தெரிந்திருந்ததால் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"போட்டுடு" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

அவள் இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள். ஒன்றில்கூடச் சோறு போடவில்லை.

"பங்க்குக்கு வந்த அந்தப் பொண்ணு கையில இந்தப் பேப்பர் போகுமா?" என்று கேட்டாள்.

"குடும்பத்துக்கு ஒரு காப்பி கொடுப்பாங்களாம்."

"என் பேர் இருக்குமா அதுல?"

அவர் எழுந்து போய் முகம் கழுவினார். வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் அவள் கையெழுத்துப் போட்டாள். பேனா முதலில் எழுதவில்லை. மேலாளர் தன்னுடைய பேனாவைக் கொடுத்தார். தன் டிபன் டப்பாவையும் ஒரு சால்வையையும் எடுத்துக்கொள்ள அவள் கடைசியாக இயந்திர அறைக்குப் போனாள். ஏ.சி.க்கு மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தார்கள். எரிந்த இயந்திரத்தின் இடத்தில் புதியது ஒன்று நின்றது. போன் எடுக்கும் பெண்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். ஒருத்தி கையைத் தூக்கப் போனாள், காதில் மணி அடிக்கவும் இறக்கிவிட்டாள்.

அவள் வெளியே வரும்போது மாடிப்படியில் இரண்டு சுமைதூக்கிகள் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை மூச்சிரைக்கத் தூக்கிவந்தார்கள். பின்னால் மேலாளர்.

"நாலாவது மெஷின்" என்றார், யாரிடம் என்றில்லாமல். "இனிமே ஒண்ணு போனாலும் மூணு இருக்கும். பயமே இல்ல."

"எங்க சார் வைக்கணும்?" என்றான் முன்னால் இருந்தவன்.

"அந்த மூணுக்கும் பக்கத்துலயே வைங்க. அதே பிளக்கில சொருகிடலாம்."

பெட்டி வாசலில் இடித்தது. இருவருக்கும் கை ஒழியவில்லை.

"கதவைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்கம்மா" என்றான் பின்னால் இருந்தவன்.

அவள் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவை அகலத் திறந்து பிடித்தாள். பெட்டி முழுதும் உள்ளே போகும்வரை அப்படியே நின்றாள்.