காக்காய் விரட்டும் ராணி

கப்பலூர் தொழிற்சாலை ஒன்றில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த நல்லகாமனுக்கு ஆர்மோனியம் வாசிக்கவும் பாட்டுக் கட்டவும் தெரியும். அவன் மனைவி தங்கப்பொண்ணு, கல்யாணத்துக்கு முன்பிருந்தே நாடக மேடைகளில் பாடியவள். 1974-இல் அவர்களுடைய முதல் குழந்தை இறந்தே பிறந்தது. ஜன்னி கண்டு கிடந்த தங்கப்பொண்ணு கண் விழிக்க இரண்டு நாளானது. அதற்குள் அவன் குழந்தையை அடக்கம் பண்ணிவிட்டு வந்திருந்தான். அதற்குப் பிறகு அவள் மேடை ஏறவில்லை. வீட்டில்கூட முணுமுணுக்கவில்லை.

நாலு வருஷம் கழித்து, அவளை மறுபடி பாடவைக்க வேண்டும் என்றே நல்லகாமன் ஓர் இசை நாடகம் எழுதினான். எல்லா வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்கிற கதைதான். ராணி பெற்ற பிள்ளைகளைச் சக்களத்திகள் குப்பைமேட்டில் புதைத்துவிட்டு, அவள் பெற்றது குழவிக்கல் என்கிறார்கள். ராஜா அவளைக் காக்காய் விரட்டும் வேலைக்குத் தள்ளுகிறான். பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிள்ளைகள் செடியாய் முளைத்துப் பூக்கிறார்கள். தாயின் கை பட்டதும் எழுந்து வருகிறார்கள்.

"சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அந்தப் பன்னெண்டு வருஷத்த ஒரு வரியில தாண்டிர்றோம், மாப்ள," என்று உடன் வேலை பார்த்த மருதுவிடம் சொன்னான். "பெரியவங்களுக்கு அதத்தான் பாடணும். தனியா நின்னு அவ என்னத்த நெனச்சிருப்பா?"

தங்கப்பொண்ணு பாட்டுகளை வாங்கிப் படித்தாள். மாட்டேன் என்று சொல்லவில்லை. நல்லகாமனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஆனையூரில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒத்திகை. மூன்றாவது வாரம், மருத்துவச்சி வேஷத்துக்காகச் சேலை சுற்றியிருந்த மருது, துணியில் பொதிந்த கல்லை நீட்டினான். "இதத்தான் பெத்திருக்க, தாயி."

ராணி மயங்கி விழவேண்டிய இடம். தங்கப்பொண்ணு விழவில்லை. கல்லை வாங்கிக் கீழே வைத்தாள்.

"ஆணா, பொண்ணா?"

"கல்லுல என்ன மதினி ஆணு பொண்ணு? இப்படி வசனமே இல்லையே," என்றான் மருது.

அவள் ஆர்மோனியத்தின் பக்கம் திரும்பியிருந்தாள். "உங்களத்தாங்க கேக்குறேன். ஆணா, பொண்ணா?"

நல்லகாமன் துருத்தியிலிருந்து கையை எடுத்தான். "பொண்ணு."

"முடி இருந்துச்சா?"

"நெறைய. நெத்தி வரைக்கும்."

"எனக்கு ஏன் காட்டல?"

"நீ பொழைப்பியான்னே தெரியல, தங்கம். பிள்ளையக் கையில வச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் நிக்க? நீ எந்திரிச்சதும் சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ கேக்கல. எனக்கும் வாய் வரல."

மருது சேலையோடு வெளியே போய்த் தெருவில் நின்றுகொண்டான்.

அவள் பாட்டு நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். "கடைசியில பிள்ளைக எந்திரிச்சு வருதே, அத எடுத்துருங்க. என்னால பாட முடியாது."

"அது இல்லேன்னா சனங்க ஏத்துக்க மாட்டாங்களே."

"பெரியவங்களுக்குன்னுதான எழுதுனீங்க?"

அவன் எடுத்துவிட்டான்.

உசிலம்பட்டியில் ஒரு சனிக்கிழமை மாலை நாடகம் நடந்தது. 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று நோட்டீஸில் போட்டிருந்ததால் வேறு எதையோ எதிர்பார்த்து வந்த ஆண்கள் பாதியில் எழுந்து போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். தங்கப்பொண்ணு பழைய குரலில் பாடவில்லை. அது கரகரத்துப் போயிருந்தது. ஆனாலும் காக்காய் விரட்டும் பாட்டில் ஒருவரும் அசையவில்லை. செடி பூத்தது. ராணி அதைத் தொடாமல் நின்றாள். திரை விழுந்தது, யாரும் கைதட்டவில்லை.

ஒச்சம்மாள் என்ற பெண் மேடைக்குப் பின்னால் தேடி வந்து சண்டைக்கு நின்றாள். "அந்தப் பிள்ளைகள எழுப்பி விட்டா ஒனக்கு என்னடி கொறஞ்சிரும்?" சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

மறுநாள் காலை தங்கப்பொண்ணு, "எங்க வச்சீங்களோ அங்க கூட்டிட்டுப் போங்க," என்றாள்.

கண்மாய்க்கரைக்கு நடந்தார்கள். அங்கே மனை போட்டுக் கல் ஊன்றியிருந்தார்கள். அவன் அடையாளம் வைத்திருந்த வேப்பமரம் இல்லை. "இங்கனதான்... இல்ல, அங்கிட்டு இருக்கும்," என்று கல்லுக்குக் கல் நடந்தான். கடைசியில் குத்தவைத்து உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எதுல சுத்துனீங்க?"

"என் வேட்டியக் கிழிச்சு."

"தொவச்சதா?"

"தொவச்சதுதான்."

அவள் தலையசைத்தாள். வெயில் ஏறும்வரை இருவரும் அந்த மண்ணிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.