பூங்கொத்தோடு இறங்கியவர்கள்

வெனிஸில் என் மாமனாரைத் தொலைத்துவிட்டேன். இதை வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முரானோ தீவின் படகுத்துறையில் நின்றேன்.

வீட்டுக்காரர் அருண்குமார், எங்கள் உடுமலைப்பேட்டை மில்லுக்கு மெஷின் பார்க்க மிலான் கண்காட்சிக்கு வந்தவர். காலையில் எங்கள் இருவரையும் வெனிஸ் ரயிலில் ஏற்றிவிட்டு, "லோகா, அப்பாவைப் பத்திரமாப் பாத்துக்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கல்யாணமான நாளிலிருந்து நான் வேறென்ன செய்துகொண்டிருக்கிறேன்?

மாமா பாலுசாமி எதைப் பார்த்தும் வாயைப் பிளக்கிற ஆள் இல்லை. தெருவுக்குத் தெரு ஓடும் கால்வாயைக் காட்டினால், நம்ம ஊரு பி.ஏ.பி. பாசன வாய்க்கால் தண்ணி இதைவிடச் சுத்தம் என்றார். மாளிகைகளைக் காட்டினால், சுவரில் ஓதம் ஏறிக் கிடக்கிறது என்றார். தண்ணீரில் விழுந்துவிடுமென்று தன் போனை என் கைப்பையில் போட்டார். பாஸ்போர்ட்டும் என்னிடம்தான்.

கண்ணாடி ஊதுவதைப் பார்க்க முரானோவுக்குப் படகேறினோம். நல்ல கூட்டம். வழியில் ஒரு தீவில் படகு நின்றபோது மாமா எழுந்து வாசல் பக்கம் போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை. கிளம்புகிறவரை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது என்று வளர்த்த வீடு என்னுடையது. போதாததற்கு அவர் மாமனார். காற்று வாங்கப் போகிறார் என்று இருந்துவிட்டேன். முரானோவில் இறங்கித் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம்.

துறையில் நின்றவரிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கெஞ்சினேன். அடுத்த படகில் வருவார் என்று சாவகாசமாகச் சொன்னார். அடுத்ததில் மாமா இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. அவருக்கு இங்கிலீஷ் வராது, கையில் போன் கிடையாது, சுற்றிலும் தண்ணீர். எவ்வளவு குற்றம் சொன்னாலும் சொல்லட்டும், மனுஷன் வந்து சேர்ந்தால் போதும் என்று மாசாணியம்மனை வேண்டிக்கொண்டேன்.

பிறகு வந்த படகில் எல்லோரும் இறங்கிய பின்னால் மாமா இறங்கினார். எனக்கு உயிரே வந்தது. ஓடினேன். அவர் பின்னால் நகர்ந்து கையை நீட்டித் தடுத்தார்.

"தொட்டறாத அம்மணி. குளிக்கோணும்."

பெண்கள் பூங்கொத்தோடு இறங்கியதைப் பார்த்து, கோயில் என்று நினைத்து அவர்கள் பின்னால் போயிருக்கிறார். வாசலிலேயே ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, பயபக்தியாக உள்ளே நடந்தால் வரிசை வரிசையாகக் கல்லறைகள். ஊருக்கே அந்தத் தீவுதான் மயானமாம். ஷூ வைத்த வாசலைத் திரும்பக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை நேரம் ஆகியிருக்கிறது.

"பயந்துபோட்டயா கண்ணு?" என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. திட்டுவதற்கு நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அழுகையாகத்தான் வந்தது. அவர் விலக விலக, இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பரவால்லீங்க மாமா. ரூமுக்குப் போயி நானுந் தலைக்கு ஊத்திக்கறேன்."

மாமா கையை இழுத்துக்கொள்ளவில்லை. கண்ணாடிப் பட்டறை வரைக்கும் அப்படியே நடந்தோம்.