கற்குவியலுக்கு இன்னும் மூன்று மணி நேரம்

திரைத்துணி வியாபாரத்தில் முப்பது வருஷம் ஓட்டிய முதலாளிக்கு, எந்த அளவும் கல்லில் செதுக்கியதில்லை. துணியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து அளந்தால் பத்து மீட்டரில் ஒரு சாண் கடைக்கு மிஞ்சும். வாங்குகிறவர் முகம் சுளித்தால் தளர்த்தி அளந்து நல்ல பேர் வாங்கிக்கொள்ளலாம். ஆகவே, மலை விடுதியில் கைடு தினமும் காலையில் விரலில் ஒரு கிளிப்பை மாட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்த்தபோது, பேரம் பேச இன்னொரு ஆள் வந்து உட்கார்ந்த மாதிரிதான் அவருக்கு இருந்தது.

"எண்பதுக்குக் கீழ போனா இறங்கிடணும். பேச்சே கிடையாது," என்றார் கைடு.

"எழுபத்தெட்டுக்கு முடிச்சுக்கலாமே? ரொம்பத் தூரத்துல இருந்து வந்திருக்கோம்."

கைடு சிரிக்கவில்லை.

முதலாளி கொடி நட வரவில்லை. போன வருஷம் அவருடைய ஒரே மகள் சிகரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும் வழியில் மேல் முகாமில் இறந்துபோனாள். தூக்கிவர முடியாத உயரம். கூடப் போனவர்கள் பனிப்பாறை ஓரத்தில் கல் அடுக்கி மூடிவிட்டு வந்தார்கள். அந்தப் பனிப்பாறை நகர்ந்துகொண்டே இருக்கிறது, அடுத்த வருஷம் கல்லும் இருக்காது, இடமும் இருக்காது என்று கைடு முதல் நாளே சொல்லிவிட்டார். மனைவிக்கு முழங்கால் மாடிப்படிக்கே ஒத்துழைப்பதில்லை. "நீங்களாவது போய் அவ பக்கத்துல ஒரு நிமிஷம் உக்காந்துட்டு வாங்க. எனக்கு அது போதும்," என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

துணைக்கு மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. கடையில் கத்தரிக்கோல் அவன் கையில்தான். பெண்ணுக்கு முதல் மலையேற்ற ஷூ வாங்கிக் கொடுத்த தாய்மாமனும் அவன்தான். செய்தி வந்ததிலிருந்து நாலு மாசம் அக்கா அவன் முகத்தில் விழிக்கவில்லை. இப்போதுதான் ஒரு வார்த்தை, அரை வார்த்தை.

மூன்றாம் நாள் முதலாளியின் விரல் எண்பத்தொன்று காட்டியது. நாலாம் நாள் கைடு வருவதற்கு முன்பே அவர் வென்னீர் டம்ளரை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு பத்துத் தடவை ஆழமாக மூச்சை இழுத்து விட்டார். எண்பத்தேழு!

"எப்படி மாமா?" என்றான் மச்சான், கைடு நகர்ந்ததும்.

"சில்லுனு இருக்கிற விரல் கம்மியாத்தான் காட்டும். சூடேத்திட்டு நீட்டணும். துணிய இழுத்து அளக்கிறோமில்ல, அந்த மாதிரிதான்."

"மலையையே ஏமாத்துறீங்களே!"

"மலை என்ன கோர்ட்டுக்கா போகப் போகுது?"

மச்சான் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, நிற்க நேரமாயிற்று. முதலாளி அதைக் கவனித்தார். கவனிக்காதவர் போல டீயில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து மச்சானும் காலையில் டம்ளரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். எண்பத்தாறு, எண்பத்தைந்து.

"தலைவலி இருக்கா?" என்று கேட்டார் கைடு.

"சேச்சே."

"சாப்பாடு இறங்குதா?"

"ஒரு பிடி பிடிச்சிட்டேன்," என்றான். அவன் தட்டில் இருந்ததில் பாதிக்கு மேல் முதலாளியின் தட்டுக்குப் போயிருந்தது.

ஏழாம் நாள் காலை பத்து மணிக்குக் கணவாய் உச்சியில் ஏறி நின்றார்கள். கைடு கோலை நீட்டிக் காட்டினார். "அந்த முகட்டச் சுத்துனா கல்லு தெரியும். மூணு மணி நேரம்."

முதலாளி கோல் காட்டிய பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பிப் பார்த்தால், மச்சான் பனியில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, கயிற்றை முழம் போட்டுக்கொண்டிருந்தான். "அஞ்சு... ஆறு... வாங்க வந்த பார்ட்டிக்கு எத்தனை மீட்டர் மாமா?"

"டேய், விளையாடுற நேரமா இது? எந்திரி."

எழுந்தான். குடித்தவன் போலத் தள்ளாடினான். விரல் நுனியை ஒட்டிக் குதிகால் வைத்து நேராக நடக்கச் சொன்னார் கைடு. இரண்டாவது அடியிலேயே சாய்ந்தான். குளிர்ந்து கிடந்த விரலில் கிளிப்பை மாட்டினார். அறுபத்திரண்டு.

"காலையில எண்பத்தஞ்சு இருந்துச்சே! எப்படி?"

முதலாளி குனிந்து மச்சானின் கையுறையைப் பொறுக்கினார்.

"மூளையில நீர் கோத்துக்கிட்டு இருக்கு. இப்பவே இறக்கணும்."

"நீங்க இறக்குங்க. நான் மட்டும் போயிட்டு வந்துடறேன்."

"தனியாப் போனா நீங்களும் அங்கயேதான் கிடப்பீங்க. இவர ஒத்தை ஆளா என்னால இறக்கவும் முடியாது. ஒரு தோள் நான், ஒரு தோள் நீங்க."

"சரி, ஒரு மணி நேரம். இவன் படுத்திருக்கட்டும். முகடு வரைக்கும் போய், தூரத்துல இருந்து பாத்துட்டு..."

"ஒரு மணி நேரத்துல ஆள் இருக்க மாட்டாரு."

"அரை மணி?"

கைடு குனிந்து கயிற்றைச் சுருட்டினார். எதிராளியின் கடைசி விலை எப்போது வந்தது என்பது முப்பது வருஷ வியாபாரிக்குத் தெரியாதா? முதலாளி மச்சானின் இடது கையைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டார். இறங்கும்போது ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். முகட்டை மேகம் மூடியிருந்தது.

மறுநாள் மத்தியானம் அடிவாரத்துக் கிளினிக்கில், தகரக் கூரைக்குக் கீழே, மச்சான் மூக்கில் குழாயோடு படுத்திருந்தான். பிழைத்துவிட்டான், பேச்சும் தெளிந்துவிட்டது என்றார் டாக்டர். மேலே பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது, இந்தப் பருவத்தில் இனி யாரும் ஏற முடியாது என்றார் கைடு.

முதலாளி வீட்டுக்குப் போன் போட்டார்.

"பாத்தீங்களா?" மனைவி முதலில் கேட்டது அதைத்தான்.

கட்டிலில் மச்சான் கண்ணைத் திறந்தான்.

"இல்ல."

"ஏங்க?"

"எனக்கு முடியல. மூச்சு வாங்குச்சு, தலை சுத்துச்சு. கணவாயோட இறங்கிட்டோம்."

"தம்பி?"

"அவன் நல்லாத்தான் இருந்தான். எனக்காகத்தான் இறங்கினான்."

"உங்களப் பாத்துக்கத்தான் கைடு இருந்தாரே. அவன மட்டுமாவது அனுப்பியிருக்கலாமில்ல?" என்றாள்.

"நான்தான் விடல."

"ஏன்? அவ உங்களுக்கும் பொண்ணுதானே?"

மனைவி போனை வைத்துவிட்டாள். முதலாளி அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மச்சான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு ஒரு தடவை அசைந்தது. உண்மையைச் சொல்ல அக்காவைத் திரும்பக் கூப்பிடச் சொல்வான் என்று முதலாளி கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

மச்சான் குழாயைச் சரிசெய்துகொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.